எடுத்துக்கொடுத்த சொல்

டீயில் பாலை முதலில் ஊற்றினால் உங்கள் அப்பா குடிக்க மாட்டார். எங்கள் வீட்டில் பால்தான் முதலில். ஒத்திகையின் முதல் நாள் நான் போட்டுக் கொடுத்த டீயைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "எந்த ஊரு கண்ணு நீ?" என்றார். கிரிம்ஸ்பி என்றேன், அப்பா மீன் துறைமுகத்துக் கூலி என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. மகள் என்பதால் அந்த மலர்ச்சி உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

உங்கள் அப்பா எட்வின் பார்ஜிட்டரின் முகம் தெரியாதவர்கள் இந்த நாட்டில் இல்லை. பெயர்தான் யாருக்கும் தெரியாது. தொலைக்காட்சியில் பிணத்தை முதலில் பார்க்கும் தோட்டக்காரர். சினிமாவில் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கும் பட்லர். மேடையில் இரண்டாம் அங்கத்திலேயே செத்துப்போகும் மாமா. ரயிலில் ஒரு அம்மாள், "எங்க வீட்டுக் குழாயை ரிப்பேர் பண்ணினது நீங்கதானே?" என்று கேட்டாள். "ஆமாங்க. இப்ப ஒழுகலையே?" என்றார் இவர்.

எழுபது தாண்டித்தான் சுவரொட்டியில் அவர் பெயர் மேலே ஏறியது. கடலில் தம்பியைப் பறிகொடுத்த கிரிம்ஸ்பிக் கிழவர் வேடம். நாடகத்தை முதலில் ஊர் ஊராக நடத்திப் பார்ப்பார்கள். நன்றாகப் போனால் லண்டன்.

என் வேலை, மேடையோரம் உட்கார்ந்து, வசனம் மறந்தவருக்கு அடுத்த சொல்லை எடுத்துக்கொடுப்பது. மறந்து நிற்கிறாரா, நடிப்புக்காக நிற்கிறாரா என்று பிரிக்கத் தெரிய வேண்டும். மறந்தவர் பார்வை அலையும். நடிப்பவர் பார்வை நிலைத்திருக்கும். நான் தவறியதே இல்லை. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். தவறு செய்யும் வசதி எனக்குக் கிடையாது.

ஊர்ப் பேச்சைப் பழக வேண்டும் என்று உங்கள் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். என் அப்பா, கடலோடு போய்விட்ட என் சித்தப்பா லென்னைப் பற்றிச் சொன்னார். "லென் அன்னிக்குக் காலையில..." என்று தொடங்கி நிறுத்தினார். உள்ளங்கையைக் கட்டைவிரலால் தேய்த்தார். பிறகு, "டீ ஆறுது, குடிங்க" என்றார். எப்போதும் அப்படித்தான். அந்த இடம் வந்தால் நான் பாத்திரம் கழுவப் போய்விடுவேன். உங்கள் அப்பா அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாட்டிங்ஹாமில் முதல் காட்சி. அதே நிறுத்தம், அதே கட்டைவிரல், அதே டீ. வசனத்தையே அதற்கேற்ப மாற்றியிருந்தார்கள். அரங்கம் மூச்சுவிடவில்லை. ஐம்பது வருட அனுபவம் சமைத்த மௌனம் என்று பத்திரிகை எழுதியது. அது ஒரு மீன் கூலியின் மௌனம். இடைவேளையில் ஒயின் குடித்தவர்கள் அதற்கு அழுதுவிட்டுக் காரில் ஏறிப் போனார்கள். அது அவரிடம் இருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

அடுத்த ஊர் நாரிச். அவர் நிறுத்தினார். பார்வை நிலைத்திருந்தது. நான், "டீ ஆறுது" என்றேன். முன்வரிசைக்குக் கேட்கும்படி, தெளிவாக. யாரோ சிரித்தார்கள்.

இடைவேளையில் வந்தார். "நான் மறக்கல கண்ணு. வேணும்னுதான் நின்னேன்."

"உங்க பார்வை அலைஞ்சுது, எட்வின். ரொம்ப நேரம் நின்னுட்டீங்க."

"அப்படியா?"

அந்த ஒரு சொல்லில் எனக்குத் தெரிந்துவிட்டது, இது நடக்கும் என்று.

தினமும் செய்யவில்லை. செய்திருந்தால் என்னைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். சில நாள் சும்மா விட்டேன். அந்த நாட்களில் அவர் என் குரலுக்காகக் காத்திருந்தே நிஜமாகத் தடுமாறினார். கூட நடித்தவர்கள் இரக்கப்பட்டு அவர் வசனத்தையும் சேர்த்துப் பேசினார்கள். டைரக்டர் ரொவீனா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "உண்மையைச் சொல்லு ஜெம்மா. கிழவனுக்கு மண்டையில ஏதாவது கழண்டுடுச்சா?"

"பாவம், அவரைத் திட்டாதீங்க" என்றேன். அதில் ஒரு பொய்யும் இல்லை.

பாத் நகரில் ஒரு மாலை, நடு மேடையில் அவர் பார்வை முதல் முறையாக அலைந்தது. வசனம் முழுசாகப் போய்விட்டது. என் பக்கம் திரும்பினார். நான் வாயைத் திறக்கவில்லை. "தாத்தாவை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கப்பா" என்று மேலிருந்து ஒருவன் கத்தினான். திரை இறங்கியது. லண்டனுக்கு வேறொருவர் போனார்.

உங்கள் அப்பாவுக்கு மூளையில் ஒரு கோளாறும் இல்லை என்கிறார்கள் டாக்டர்கள், அப்புறம் ஏன் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுகிறார் என்று கேட்டீர்கள். அவர் மறக்கவில்லை. யாராவது எடுத்துக்கொடுப்பார்கள் என்று காத்திருக்கிறார். போன மாதம் நான் பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ மட்டும் இல்லேன்னா என் மானம் எப்பவோ போயிருக்கும், கண்ணு" என்றார். பிடித்த கையை நான் உதறவில்லை.

எல்லாம் என் அப்பாவுக்காகச் செய்தேன். அவருடையதை எடுத்தவரிடமிருந்து திருப்பி எடுத்தேன், அவ்வளவுதான்.

நாட்டிங்ஹாமுக்கு அப்பாவும் வந்திருந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காட்சி முடிந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் அழுதபடி நின்றார். "நான் அப்படியாம்மா நிப்பேன்? ஒரே ஒரு மத்தியானம் பாத்துட்டு அந்த மனுசன் புடிச்சுட்டாரே. என்னை யாரும் அப்படிப் பாத்ததே இல்லம்மா." நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

போன ஞாயிறு வீட்டுக்குப் போனேன். அப்பா கோப்பையில் பாலை முதலில் ஊற்றினார். லென்னைப் பற்றித் தொடங்கி, நிறுத்தினார். கட்டைவிரல் உள்ளங்கையைத் தேய்த்தது. பார்வை நிலைத்திருந்தது.

"டீ ஆறுது" என்று எடுத்துக்கொடுத்தேன்.