ஹாஜி வீட்டு ஹார்ட் டிஸ்க்

சுஹைர்: ...கம்ப்யூட்டர் கேபிள்தான் ஹாஜி. மறுபடியும் கழண்டிருக்கு. எப்படித்தான் கழலுதோ!

வஸீலா: மேசை ஆடுதுல்ல... அதுல கழண்டிருக்கும்.

லக்தர்: மேசை ஆடுதா? நல்லாத்தானே நிக்குது!

வஸீலா: பாபா, நீங்க காபியக் குடிங்க.

சுஹைர்: கேபிள மாட்டிட்டேன். ஆனா டிஸ்க் கடகடங்குது. புதுசு போட்டுடலாம்.

வஸீலா: இந்தத் தடவையாவது எஸ்.எஸ்.டி. போடுங்க.

சுஹைர்: எதுக்கு? ஹார்ட் டிஸ்க்கே போதும்.

லக்தர்: ரெண்டுக்கும் என்னப்பா வித்தியாசம்? எனக்குப் புரியற மாதிரி சொல்லு.

சுஹைர்: ஹார்ட் டிஸ்க்ல உள்ள தட்டு சுத்தும் ஹாஜி. எஸ்.எஸ்.டி.ல எதுவும் சுத்தாது.

வஸீலா: சுத்தாததுதான் வேகம். அதையும் சொல்லுங்களேன்.

சுஹைர்: வேகம்தான்... ஆனா அந்த விலைக்கு ஹார்ட் டிஸ்க்ல எவ்ளோ இடம் கிடைக்கும்! ஓரான்ல பாதிக் கல்யாணத்துல பொம்பளைங்க பக்கம் வீடியோ எடுக்கறது நீங்கதான். அத்தனையும் உள்ள போட்டு மூடி வைக்கலாம்.

வஸீலா: மூடலாம். திறக்கறதுதான் கஷ்டம். மணப்பொண்ணு உள்ள நுழையற காட்சி திறக்கறதுக்குள்ள அவளுக்குக் கொழந்தையே பொறந்துடும்!

லக்தர்: ஹா ஹா...

வஸீலா: சிரிக்காதீங்க பாபா. ஒரு பொண்ணோட அம்மா காலையில இருந்து போன் மேல போன். மணப்பொண்ணு நாலாவது உடுப்பு மாத்தின காட்சி எங்கேன்னு கேட்டு உயிர எடுக்கறாங்க.

சுஹைர்: எஸ்.எஸ்.டி. திடீர்னு போயிடுங்க. ஒரு வார்த்தை சொல்லாது. ஹார்ட் டிஸ்க் அப்படியில்ல. சத்தம் போட்டு, போகப்போறேன்னு சொல்லிட்டுத்தான் போகும்.

லக்தர்: ஓ... மனசுல இருக்கறத வெளிய சொல்லிடும்ங்கற.

சுஹைர்: ஆமா ஹாஜி.

லக்தர்: நல்ல பழக்கம். சில பேருக்கு அது இல்ல.

சுஹைர்: க்கும்... க்கும்...

வஸீலா: மெதுவாக் குடிங்க, புரையேறிடுச்சு பாருங்க.

லக்தர்: ஆமா, உங்க கடைக் கண்ணாடியில பெருசா ஏதோ எழுதியிருக்கே?

சுஹைர்: அது... 'ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போடுங்க, எஸ்.எஸ்.டி.க்கு மாறுங்க'ன்னு...

லக்தர்: யார் எழுதினது?

சுஹைர்: ...நான்தான்.

லக்தர்: உங்கம்மா கம்ப்யூட்டர்ல என்ன மாட்டியிருக்க?

சுஹைர்: எஸ்.எஸ்.டி...

வஸீலா: கேட்டீங்களா பாபா! இது எந்த ஊர் நியாயம்?

லக்தர்: நீ போய் மக்ரூத் இனிப்பு எடுத்துட்டு வா. தேன் நிறைய ஊத்து... ம், போயிட்டா. இப்ப சொல்லு தம்பி.

சுஹைர்: என்னத்த ஹாஜி?

லக்தர்: ஊருக்கெல்லாம் நல்லது, என் வீட்டுக்கு மட்டும் ஏன் மெதுவானது?

சுஹைர்: எஸ்.எஸ்.டி.னா ஒரு காபி குடிக்கறதுக்குள்ள வேலை முடிஞ்சிடும். ஹார்ட் டிஸ்க்னா... மத்தியானம் வரைக்கும் இழுக்கும்.

லக்தர்: ஓஹோ. மத்தியானம் சாப்பிடப் போடற குஸ்குஸுக்காகவா?

சுஹைர்: குஸ்குஸும் நல்லாத்தான் இருக்கும். ஆனா...

லக்தர்: ஆனா?

சுஹைர்: எனக்கு வஸீலாவப் பிடிச்சிருக்கு ஹாஜி. கேக்கற தைரியம் வரல. நல்லதா மாட்டிட்டா கம்ப்யூட்டர் ஓடிக்கிட்டே இருக்கும். அப்புறம் என்ன சாக்கு சொல்லி இந்த வாசப்படி ஏறுவேன்?

லக்தர்: அதுக்காக என் பொண்ணு தொழில்ல கை வெச்சிருக்க.

சுஹைர்: தப்புதான், மன்னிச்சிடுங்க. எஸ்.எஸ்.டி. பையிலதான் இருக்கு, இப்பவே மாட்டிடறேன். ஆனா சத்தியமா, அந்தக் கேபிள் கழலறது என் வேலை இல்ல!

லக்தர்: தெரியும். அது வஸீலா வேலை.

சுஹைர்: வஸீலாவா?!

வஸீலா: பாபா!

லக்தர்: வந்துட்டியா? கதவுக்குப் பின்னாடிதான் நின்னியா? மக்ரூத் எங்க?

வஸீலா: நான் ரெண்டே தடவைதான் கழட்டினேன். இன்னிக்கு நான் தொடவே இல்ல!

சுஹைர்: அப்ப... இன்னிக்கு யாரு?

லக்தர்: நான்தான். ரமலான் முடிஞ்சதுல இருந்து பாக்கறேன்... வர்ற, காபி குடிக்கற, போற. அந்தத் தட்டாவது சுத்திச் சுத்தி ஒரு இடத்துக்கு வந்து சேருது! வெள்ளிக்கிழமை பொண்ணு கேக்க உங்கம்மாவ அனுப்பு. இப்ப அந்த எஸ்.எஸ்.டி.ய மாட்டு. என் பொண்ணு கல்யாண வீடியோவாவது சட்டுனு திறக்கட்டும்.