‘ரினியூ’வுக்கு மூணு வாரம்

...இல்ல, நீங்களே சொல்லுங்க சார், கவுண்டர்ல இருக்கற அந்தம்மா எனக்கு அர்த்தம் சொல்லித் தர்றாங்க. ‘காலாவதி ஆகி இத்தனை மாசமாச்சு, இனிமே பாஸ்போர்ட்டை ரினியூ பண்ண முடியாது பெரியவரே, முதல்லேருந்து விண்ணப்பம் போடுங்க’ன்னு. யார்கிட்ட? இருபத்தாறு வருஷமா அகராதி ஆபீஸ்ல இங்கிலீஷ் வார்த்தைக்குத் தமிழ்ல அர்த்தம் எழுதிட்டிருக்கறவன்கிட்ட. இப்ப எந்த எழுத்து ஓடுது தெரியுமா? ஆர். அதுல ‘ரினியூ’வுக்கு மட்டும் மூணு வாரம் உக்காந்திருக்கேன். ஆனா அவங்க சொல்லிக் குடுப்பாங்க, நான் கேட்டுக்கணும்.

உக்காருங்க சார். உங்க நம்பர் எழுபத்தெட்டு, இப்பதான் முப்பத்தொண்ணு. எங்க போகப்போறீங்க.

புது பாஸ்போர்ட்டுன்னா ஆறு வாரமாம். என் பொண்ணுக்கு மூணே வாரத்துல பிரசவம், கடல் தாண்டி எங்கயோ இருக்கா. அவ அம்மாவும் போய்ச் சேர்ந்துட்டா. கூட நிக்க நான் ஒருத்தன்தான். இதைச் சொன்னா, ‘அடுத்தவங்க வாங்க’ங்கறாங்க. என்ன ஒரு ஈவு இரக்கம்.

என்ன சொல்லிட்டிருந்தேன்... ஆங், ரினியூ. அது ஒரு கலப்புக் கல்யாணம் சார். ‘நியூ’ பழைய இங்கிலீஷ் வீட்டுப் பொண்ணு. ‘ரி’ லத்தீன்லேருந்து பிரெஞ்சு வழியா வந்த மாப்பிள்ளை. சேர்த்து வெச்சு அறுநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் குடித்தனம் நடக்குது. நம்ம ‘நவீனம்’ இருக்கே, அதுல வர்ற ‘நவ’கூட இந்த ‘நியூ’வுக்குத் தூரத்துச் சொந்தம். கொட்டாவியா? விடுங்க விடுங்க.

எங்க எடிட்டர் ‘புதிதாக்கு’ன்னு ஒரே வார்த்தைல கையைக் கழுவிட்டார். நான் விடுவேனா? லைப்ரரி புஸ்தகத்தை ரினியூ பண்ணா புஸ்தகம் புதுசாவா ஆயிடுது? அதே கிழிஞ்ச அட்டை, அதே காபிக் கறை. இன்னும் ரெண்டு வாரம் கையில இருக்கும், அவ்ளோதான். பேச்சு விட்டுப்போன ரெண்டு பேர் திரும்ப சேர்ந்தாலும் அதே வார்த்தைதான். ஆள் பழசு, வாய் பழசு. அதனால ‘முடிவதற்குள் நீட்டித்தல்’னு ஒரு அர்த்தம் சேர்த்தே ஆகணும்னு ஒத்தக் கால்ல நின்னேன். அந்த ‘முடிவதற்குள்’ளுக்காக அவரும் நானும் ஒரு வாரம் முகம் குடுத்துப் பேசிக்கல. கடைசில ஜெயிச்சேன். ஜெயிச்சு? கண்ணாடிக்குப் பின்னால இருக்கற அந்தம்மா அதையே எடுத்து என் தலையில போட்டுட்டாங்க.

‘தேதி முடியறதுக்குள்ள ரினியூ பண்ணிக்குங்க’ன்னு மூணு நோட்டீஸ் அனுப்புனாங்களாம். தபால்காரர் சரியில்லன்னேன். பக்கத்து வீட்டுக்காரர் எடுத்திருப்பார்னேன். கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்புறாங்க சார், மூணையும் வாங்கிக்கிட்டதுக்கு என் கையெழுத்து. நல்லா அழகா, பூ மாதிரி.

...வந்துச்சு சார். உங்ககிட்ட என்ன, மூணும் வந்துச்சு. பிரிச்சதும் எனக்குத் தோணுனது என்ன தெரியுமா? ஆகா, நல்ல வாக்கியம்னு. எடுத்துக்காட்டு கிடைக்காம அலைஞ்சிட்டிருந்தேன், வீடு தேடி வருதே. கத்தரியால வெட்டி, அட்டையில ஒட்டி, ஆபீஸ்ல ஆர் டிராயர்ல போட்டுட்டேன். தேதியா? அது குப்பைக்கூடைக்குப் போயிடுச்சு. எடுத்துக்காட்டுல தேதி, பேர் எதுவும் வரக்கூடாதுன்னு எங்க ஆபீஸ்ல சட்டம். போட்டது நான்தான். மூணாவது வந்தப்போ, ‘இவங்க வேற வாக்கியமே எழுத மாட்டாங்களா’ன்னு சலிச்சுக்கிட்டேன் வேற.

பொண்ணுகிட்ட பாஸ்போர்ட் ஆபீஸ்ல இழுத்தடிக்கறாங்கன்னு சொல்லிட்டேன். நம்பிட்டா. ‘உன் மேல என்னப்பா தப்பு, நீ சாப்பிட்டியா’ன்னு கேக்கறா. அவ திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும் சார். தாங்க முடியல.

இருங்க... அவதான் கூப்பிடறா. சார், ஒரு உதவி, நீங்க எடுத்து, அப்பா கவுண்டர்ல நிக்கறார்னு சொல்லிடறீங்களா? சும்மா ஒரு வார்த்தை... சார்? எங்க எந்திரிச்சுப் போனார் இந்த மனுஷன்...

அலோ. சொல்லும்மா. இல்லம்மா... அவங்க இழுத்தடிக்கலம்மா. நோட்டீஸ் வந்துச்சு. மூணு வந்துச்சு.