அட்டையில் இருந்த மயில் பார்டர்

"கழுத்து நெரிஞ்சு செத்துக் கெடக்கறவ புடவைய என் தங்கச்சி பொண்ணு கட்டணுமாய்யா?"

வாலாஜாபாத் பஸ்ஸில், நான் நின்றிருந்த இடத்துக்குப் பக்கத்து சீட்டில் ஓர் அம்மாள் தன் கணவரிடம் இப்படிக் கேட்டார். மாட்டப் போன இயர்போனைப் பைக்குள்ளேயே போட்டுவிட்டேன்.

கணவர் மடியில் பட்டுப்புடவைப் பெட்டி. அந்த அம்மாள் கையில் பழைய மாத நாவல் ஒன்று. அட்டையில் கண் பிதுங்கி, மாராப்பு விலகி, மல்லாந்து கிடந்தாள் ஒரு மணப்பெண். அவள் கழுத்தில் கறுப்புக் கையுறை போட்ட இரண்டு கைகள்.

"பரண்ல ஒளிச்சு வெச்சிருந்தியே, இதுக்குத்தானா?"

"நான் அவளயா பாத்தேன்? பார்டரப் பாரு. கோபுரத்துக்கு நடுவுல மயிலு திரும்பிப் பாத்துக்கினு இருக்குது. அத்தப் பாத்துதான் நெய்ஞ்சேன்."

"நாளைக்குக் கல்யாணம்யா. இந்தப் பழைய அட்டைங்களல்லாம் இப்ப போன்ல போட்டுக்கினு இருக்கறாங்க. மாப்ள வூட்ல யாராவது பாத்துட்டா?"

"மெதுவா பேசுமா."

"எறங்கு. கடையில வேற புடவ வாங்கிக்கினு போலாம்."

அவர் எழுந்திருக்கவில்லை. பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"உன் கல்யாணப் புடவைக்கும் இதே பார்டர்தான் போட்டேன்."

அந்த அம்மாள் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் இரண்டு முறை டிக்கெட் கேட்டுவிட்டு நகர்ந்தார்.

"முப்பது வருசமா நீ நல்லாத்தானேமா இருக்குற?"

"நல்லா இருக்கறேன்னு உங்கிட்ட எப்பய்யா சொன்னேன்?"