உறை ஊற்றிய தொட்டி

தயிருக்கு உறை ஊற்றத் தெரிந்தவருக்கு என் தொழில் பாதி புரிந்துவிடும், ஐயா. ஆலையின் கழிவுநீரை ஒரு மூடிய தொட்டிக்குள் விட்டுச் சுத்தம் செய்வது என் பொறுப்பு. உள்ளே பிளாஸ்டிக் வளையங்கள் கிடக்கும். காற்றுப் படாமல் வாழும் கிருமிகளை உறையாக ஊற்றினால், அவை வளையங்களின் மேல் மெல்லப் படலமாகப் படியும். அதுவரை கழிவுநீரைக் கைக்குழந்தைக்குப் பால் புகட்டுவதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட வேண்டும். அள்ளிக் கொட்டினால் தொட்டி புளித்துவிடும். படலம் செத்து உரிந்துவிடும்.

என் தங்கையின் கணவர்தான் ஆலையின் உற்பத்தி மேலாளர். நல்ல மனிதர். ஆனால் எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டுதான் நிற்பார். நான் இல்லாத நேரம் பார்த்து இரண்டு முறை வால்வை முழுதாகத் திறந்துவிட்டார். இரண்டு முறையும் தொட்டி புளித்தது, பழி என் தலையில் விழுந்தது. "உங்களுக்குக் கைராசி இல்ல மச்சான்" என்று எல்லார் முன்னாலும் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

மூன்றாம் முறை படலம் பிடித்தது. கண்ணாடித் துளை வழியே பார்த்தால் வளையமெல்லாம் கறுத்து வழவழவென்று இருந்தது. வேலை முடிந்த பிறகும் நின்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

அன்று காலை அவர் வந்தார். "ஆக்கப் பொறுத்தீங்க, ஆறப் பொறுக்கக் கூடாதா மாப்பிள்ளை? இன்னும் ஒரு வாரம் குடுங்க" என்று கெஞ்சினேன்.

"கழிவு நிரம்பி வழியுது மச்சான். இன்னிக்குத் திறந்தே ஆகணும்." சொல்லிக்கொண்டே வால்வுக் குழிக்கு நடந்தார்.

குழிக்குள் ஒரு குழாய் மூட்டிலிருந்து தொட்டியின் விஷவாயு கசிந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரியும். அந்த வாயு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை போல நாறும். அளவு மிஞ்சினால் மூக்கு மரத்துப்போகும், ஒன்றுமே தெரியாது. எங்கள் பிரிவில் சேருகிறவர்களுக்கு முதல் பாடமே அதுதான். அவர் எங்கள் பிரிவு இல்லை.

குழி விளிம்பில் குனிந்தார். "வரும்போது குடலைப் புரட்டிச்சே, இப்ப நாத்தமே இல்லையே. சரி பண்ணிட்டீங்களா?"

நான் காற்று வரும் பக்கமாக நகர்ந்து நின்றுகொண்டு, "ம்" என்றேன்.

ஏணியில் பாதி இறங்கியதும் அவர் கை நழுவியது. வாயு எச்சரிக்கைக் கருவி என் சட்டைப்பையில்தான் இருந்தது. காலையிலேயே அணைத்துவைத்திருந்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். வால்வு மூடியபடியே இருந்தது. அதற்குப் பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டேன்.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை, ஐயா. கண்ணை மூடினால் அந்தக் கை நழுவுகிறது. இந்தப் பாவத்தை எந்தத் தண்ணீரில் கழுவுவேன்? தொட்டி மட்டும் இப்போது முழுக் கழிவையும் தாங்குகிறது.

அடக்கம் முடிந்த அன்று தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "இறங்கும்போது அவருக்கு நாத்தமே வரலையாண்ணே?"

"வரலைம்மா" என்றேன்.

எழுதிக்கொள்ளுங்கள், அவரைக் கொன்றது நான்தான். ஆனால் என் தங்கையிடம் நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.