அவங்க ஆளுங்க

கிட்ட வந்து உட்காருங்கள், என் செல்லங்களா. காலை நீட்டிக்கொண்டாலும் பரவாயில்லை. ஓர் ஆஸ்பத்திரியில், நர்சுகள் டீ குடிக்கிற சின்ன அறையில் நடந்த பேச்சை உங்களுக்குச் சொல்லப்போகிறேன். ஒருத்தி தீவிர சிகிச்சைப் பிரிவின் மூத்த நர்ஸ். இன்னொருத்திக்கு, இறந்தவர் வீட்டாரிடம் உறுப்பு தானம் கேட்பதுதான் வேலை. அதனால் அங்கே அவளுக்குக் 'கழுகு' என்று பட்டப்பெயர். இனி அவர்களே பேசட்டும். நான் குறுக்கே வரமாட்டேன்.

கழுகு: ...டீ கிடக்கட்டும்க்கா. ஜன்னலோரக் கட்டில் ஏன் காலியா இருக்கு?

நர்ஸ்: வந்ததும் வராததுமா மோப்பமா! உனக்குப் பேரு வச்சவன் சும்மா வைக்கல.

கழுகு: பைக்ல அடிபட்டு வந்த பையன்... மூளைச்சாவுன்னு நேத்தே டாக்டர் சொல்லிட்டாராமே. எனக்கு ஏன் போன் வரல?

நர்ஸ்: எதுக்கு வரணும்? காலைல மூச்சு மெஷினை நிறுத்தியாச்சு. முடிஞ்சுது.

கழுகு: நிறுத்தியாச்சா! மெஷின் நின்னா இதயமும் நின்னுடும், உள்ள இருக்கிறது எல்லாமே வீணாப் போயிடும்னு உங்களுக்குத் தெரியாதா?

நர்ஸ்: எனக்கே பாடமா? டாக்டர் கேட்டாரு. வீட்டுல சம்மதமில்லன்னு சொன்னேன். நிறுத்திட்டாரு.

கழுகு: கேக்கிறது என் வேலைக்கா. நீங்க எனக்கு ஒரு போன் போட்டாப் போதும். அதானே இங்க முறை?

நர்ஸ்: அவங்க ஆளுங்களைப் பாத்தியா நீ? எங்கேருந்தோ வந்து குடியேறின கூட்டம். தலைய மூடிக்கிட்டு, வராண்டாவுல உக்காந்து முணுமுணுன்னு ஜபம். உடம்பை முழுசாப் புதைக்கலேன்னா மேல கதவே திறக்க மாட்டாங்களாம்!

கழுகு: அப்படின்னு அவங்க சொன்னாங்களா?

நர்ஸ்: சொல்லித்தான் தெரியணுமா? நான் பாக்காத சனமா? ஒரு கூட்டம் முழுசாக் குடுன்னு நிக்கும். ஒரு கூட்டம் நல்ல நேரம் பாத்துட்டு வரேன்னு போகும், வரவே வராது. இன்னொரு கூட்டத்துக்குப் பெரியப்பாவைக் கேக்கணும். அந்தப் பெரியப்பா நடுக்கடல்ல கப்பல்ல இருப்பாரு!

கழுகு: அந்தப் பெரியப்பாகிட்ட கப்பலுக்கே போன் போட்டுப் பேசினேன். சரின்னுட்டாரு. மறந்துட்டீங்களா?

நர்ஸ்: ஆமா... ஏதோ ஒண்ணு.

கழுகு: படிச்ச கூட்டத்தை விட்டுட்டீங்களே. 'உயிர் போறதுக்கு முன்னாடியே அறுத்துடுவீங்களாமே'ன்னு சண்டைக்கு வர்றவங்க.

நர்ஸ்: அது வேற. அவங்க விவரமானவங்க, நாலையும் யோசிப்பாங்க.

கழுகு: மாட்டேன்னு கத்தினாலும் அவங்க விவரம். வாயே திறக்காட்டியும் இவங்க மூடம். ரொம்ப நல்லா இருக்கு! சரி, நீங்க உறுப்பு தானத்துக்குப் பதிஞ்சு வச்சிருக்கீங்களா?

நர்ஸ்: நானா? எனக்கு எதுக்குடி... எங்க வீட்டுக்காரருக்குப் பிடிக்காது. அடுத்த பிறவியில ஏதாச்சும் குறையாப் பிறந்துட்டா?

கழுகு: அட! முக்காடு போட்டவங்க நினைச்சா மூடநம்பிக்கை. வெள்ளை யூனிபார்ம் போட்டவங்க நினைச்சா?

நர்ஸ்: வாயைக் குறைடி. டீ ஆறுது.

கழுகு: மேல் மாடிக்குப் போனீங்களா? நம்ம ஆம்புலன்ஸ் டிரைவர் அண்ணனைப் பாத்தீங்களா?

நர்ஸ்: ...பாத்தேன். கண்ணெல்லாம் மஞ்சள் பூத்துக் கிடக்கு. வயிறு உப்பிப்போச்சு. அப்பவும் என்னைப் பாத்துச் சிரிக்கிறாரு, பாவம்.

கழுகு: ஒரு கல்லீரலுக்காகக் காத்துக் கிடக்காரு. அந்தப் பையனுக்கும் அவருக்கும் ஒரே ரத்த வகை.

நர்ஸ்: இரு, கப்பைக் கழுவி வச்சிடறேன்.

கழுகு: நிமிந்து பாருங்கக்கா. அந்தப் பையன் வீட்டுல கேட்டது யாரு?

நர்ஸ்: அந்தம்மா அழுதுக்கிட்டிருந்துச்சுடி. நம்ம பாஷையும் அரைகுறை...

கழுகு: கேட்டது யாரு?

நர்ஸ்: இரு, யாரோ கதவைத் தட்டுறாங்க...

தாய்: உள்ள வரலாமா சிஸ்டர்? பையனோட கைக்கடிகாரம் உங்ககிட்ட இருக்குன்னாங்க.

நர்ஸ்: வாங்கம்மா... உக்காருங்க. இந்தாங்க. மனசைத் தேத்திக்குங்க.

கழுகு: அம்மா, நான் உறுப்பு தானப் பிரிவு. உங்ககிட்ட யாராவது...

தாய்: தெரியும்மா. போன வாரம் பக்கத்துக் கட்டில் வீட்டுக்காரங்க கையைப் பிடிச்சுக்கிட்டு நீங்கதானே பேசினீங்க? எங்ககிட்டயும் வருவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.

நர்ஸ்: உங்க வழக்கத்துல அதெல்லாம் கூடாதில்லம்மா... சங்கடப்படுத்த வேண்டாம்னுதான்...

தாய்: எங்க வழக்கமா? இவனோட அப்பா பல வருஷம் ஓடியாடினதே இன்னொருத்தர் சிறுநீரகத்துலதான் சிஸ்டர். எங்க ஊர்ல, எங்க ஆளுங்கள்ல ஒரு பொண்ணு சாகும்போது குடுத்துட்டுப் போனது.

கழுகு: ஐயோ... அப்போ நீங்களே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?

தாய்: பக்கத்துக் கட்டில்ல கேட்டீங்க, எங்களைக் கேக்கல. எங்க பையன் உடம்பு உங்களுக்கு ஆகாது போலன்னு வாயை மூடிக்கிட்டேன். உங்க பாஷை எனக்கு நல்லாவே புரியும் சிஸ்டர். இவ்வளவு நேரம் கதவுக்கு வெளியிலதான் நின்னேன். இதயம் நின்னாலும் கண்ணு மட்டும் எடுக்கலாம்பாங்களே... எடுத்துக்கறீங்களா? இல்ல, கண்ணுலயும் 'அவங்க ஆளுங்க' கண்ணுன்னு தனியா உண்டா?

போய் வாருங்கள், என் செல்லங்களா. உங்கள் வீட்டு வாசலுக்கு வருகிறவர்கள் வாய் திறந்து கேட்கிறவர்களாக இருக்கட்டும். உங்கள் பதிலை வேறொருவர் சொல்லும்படி உங்களுக்கு நேராமல் இருக்கட்டும். பிள்ளைகுட்டிகளோடு நோய்நொடியில்லாமல் நெடுங்காலம் நன்றாக இருங்கள்.