உள்பக்கம் திறந்த கதவு

தச்சு வேலை எனக்கு அவ்வளவாக வராது, ஐயா. நான் சுத்தியலை எடுத்தால் ஆணியைவிட விரல்தான் அதிகம் அடிபடும் என்று தங்கை கேலி செய்வாள். பதுங்கு அறைக் கதவின் கீல் கோணலாக இருப்பது அதனால்தான். விசாரிக்க வந்த நீங்கள் என்னைக் கண்டுபிடித்ததும் அதை வைத்துத்தானே.

போர் தொடங்கியதும் எங்கள் குடியிருப்பின் பதுங்கு அறைக்கு என்னைப் பொறுப்பாளராகப் போட்டார்கள். சைரன் ஊதினால் எல்லோரையும் கீழே இறக்கி, கதவைச் சாத்திவிட்டு, படிக்கட்டில் காவல் நிற்க வேண்டும். அப்போது பெருமையாக இருந்தது. இப்போது பெருமைப்படவும் தெம்பில்லை.

தங்கையின் கணவர் தச்சர். வாய் சும்மா இருக்காது. முதல் நாளே கதவை ஆட்டிப் பார்த்தார்.

"மச்சான், இது உள்பக்கமா திறக்குது. உள்ள ஏதாவது ஆச்சுன்னா மொத்த ஜனமும் கதவு மேலதான் வந்து விழும். அப்புறம் எப்படி இழுத்துத் திறப்பாங்க? அரை நாள் குடுங்க, காசு வேணாம், மாத்தி மாட்டித் தர்றேன்."

"போர் முடியட்டும் மாப்ள. அரசாங்கம் கட்டிக் குடுத்ததை இப்பக் கழட்டினா நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

"கதவைக் குறை சொன்னா நாட்டைக் குறை சொன்ன மாதிரியா?"

அதோடு விட்டிருக்கலாம். கடை வரிசையில், பேருந்தில், பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். சைரன் ஊதினாலும் சிலர் கீழே இறங்கத் தயங்கினார்கள். எல்லையில் பிள்ளைகள் செத்துக்கொண்டிருக்கிறார்கள், இங்கே கதவைப் பற்றிப் பேச்சு. ஜனங்களிடம் பீதியைக் கிளப்புகிறார் என்று நான்தான் காவல் நிலையத்தில் போய்ச் சொன்னேன். வந்து அழைத்துப் போனார்கள்.

அதன்பிறகு தங்கை என்னுடன் பேசவில்லை. ஆனாலும் சைரன் ஊதினால் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முதல் ஆளாக இறங்கிவிடுவாள். அந்தக் கட்டுப்பாடு எனக்குப் பிடித்திருந்தது.

அன்று மதியம் குண்டு எங்கோ தள்ளித்தான் விழுந்தது. அந்த அதிர்வில் உள்ளே இருந்த ஜெனரேட்டர் தீப்பிடித்துப் புகை கிளம்பியது. நான் வெளியிலிருந்து தள்ளினேன். அவர்கள் உள்ளிருந்து கதவின்மேல் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். மாப்பிள்ளை சொன்னபடியேதான். பல மாதங்களுக்குப் பிறகு தங்கை அன்று என்னை "அண்ணா" என்று கூப்பிட்டாள். சத்தம் அடங்கிய பிறகு கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் திறந்தோம்.

மறுநாள் வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்கள் படமெடுக்க வருவதாகச் சொன்னார்கள். தங்கை வீட்டுச் சாவி என்னிடம்தான் இருந்தது. அன்று சாயங்காலமே மாப்பிள்ளையின் கருவிப் பெட்டியை எடுத்துவந்து, கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றி மாட்டினேன். அன்று கீழே இறங்காத அக்கம்பக்கத்தார் பார்த்தார்கள், யாரும் வாய் திறக்கவில்லை. மாப்பிள்ளைக்கு நடந்ததை அவர்களும் பார்த்தவர்கள்தானே. ஜனங்கள் பதறியடித்து மிதிபட்டுச் செத்தார்கள் என்று செய்தி வந்தது. மாப்பிள்ளையின் வழக்கில் நானே சாட்சி சொன்னேன். கதவு வெளிப்பக்கம் திறப்பதைப் படத்தில் எல்லோரும் பார்த்தார்கள். பொய் சொல்லிப் பீதியைக் கிளப்பியவர் என்று தீர்ப்பாகி, இன்னும் உள்ளேதான் இருக்கிறார்.

மாற்ற முடிந்த கதவை முன்பே மாற்றியிருக்கலாமே என்கிறீர்கள். எனக்கும் அது தோன்றாமல் இல்லை. வேலை கைவராத எனக்கே ஒரு சாயங்காலம்தான் பிடித்தது. ஆனால் முன்பே மாற்றியிருந்தால், மாப்பிள்ளை சொன்னது சரி என்று ஆகியிருக்கும், ஐயா.