ஒற்றை ஆம்பிள்ளை வீடு

சுங்கைப் பட்டாணி போலீஸ் நிலையம். ஜப்பானியக் கணக்கில் 2603, அதாவது 1943ஆம் வருடம், ஆகஸ்டு மாதம் 19ஆம் தேதி, வியாழக்கிழமை, காலை பதினோரு மணி.

பெயர்: மருதம்மாள். கணவர் பெயர்: இருளப்பன். வயது: ஏறக்குறைய நாற்பது. தொழில்: ரப்பர்ப் பால்மரம் வெட்டுதல். விலாசம்: பாடாங் செராய், ஐந்தாங்கட்டைத் தோட்டம், மூன்றாம் லயம், எட்டாம் வீடு.

நான் யாரும் வற்புறுத்தாமல் சுயபுத்தியோடு சொல்வதாவது:

கணவர் பெயரை எழுதும்போது அவர் உயிரோடு இருக்கிறாரா என்று எழுத்தர் கேட்டார். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன், வரிசையாகச் சொல்கிறேன் என்றேன். என் கணவர் இந்த வருடம் தைப்பூசம் கழிந்து நாலாம் நாள் மத்தியானம் குளிர்காய்ச்சலில் இறந்து போனார். அவருக்கு நாற்பத்து நான்கு வயது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொய்னா தீர்ந்து பல மாதங்கள் ஆகியிருந்தன.

அவர் இறந்ததை நான் ஆபீசில் சொல்லவில்லை. காரணம் அரிசி. வேலைக்குப் போகிற ஆளுக்கு ஒரு அளவு, படுத்துக் கிடக்கிற சீக்காளிக்கு அதில் பாதி. செத்தவருக்கு ஒன்றுமில்லை. அவர் பெயர் சீக்காளிகள் வரிசையில் ஏற்கனவே இருந்தது. பிணம் வீட்டில் கிடக்கும்போதே எங்கள் வேலைக் கூட்டத்தை மேற்பார்க்கும் தண்டல் பிச்சை அண்ணன் வந்து என்னிடம், "தங்கச்சி, இப்ப நீ சத்தம் போட்டு அழுதா அவன் அரிசியும் அவனோட போயிரும். பொண்ணு மூஞ்சியப் பாரு. அழுவுறத பொறவு வச்சிக்கலாம்லா" என்றார். என் மகள் புஷ்பவள்ளிக்குப் பன்னிரண்டு வயது, அப்போது அவள் கால்கள் வீங்கியிருந்தன. அதனால் மேளம் அடிக்கவில்லை, கருமாதி செய்யவில்லை, தாலியைக் கழற்றவில்லை. மறுநாள் பொட்டு வைத்துக்கொண்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்றேன். செத்தவருக்கு வாய்க்கரிசி போடுவது உலக வழக்கம். எங்கள் வீட்டில் செத்தவர் எங்களுக்கு ஏழு மாதம் அரிசி போட்டார்.

பிச்சை அண்ணன் எங்கே என்று கேட்கப்பட்டது. அவர் முதல் கூட்டத்தோடு சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார், விசாரிப்பதானால் அங்கேதான் போக வேண்டும். ஆபீசில் அரிசிப் பதிவு எழுதும் கிராணி பரஞ்சோதிக்கு இது தெரியுமா என்று கேட்கப்பட்டது. கிராணி வீட்டுக்குள் வந்து பாயைத் தூக்கிப் பார்க்கிற ஆள் இல்லை, நான் "படுத்திருக்காரு" என்று சொன்னதை எழுதிக்கொண்டார். வேறு வீடுகளில் இப்படி உண்டா என்று கேட்கப்பட்டது. என் வீட்டுப் பொய்யைச் சொல்ல வந்தேன், ஊர்ப் பொய்யை ஊரார் வந்து சொல்லட்டும்.

அதன் பிறகு ஜூலை மாதத்தில், தோட்டத்திலிருந்து சயாமுக்கு இன்னும் ஆட்கள் வேண்டும் என்று உத்தரவு வந்தது. முதல் கூட்டத்தில் போன ஒருவரும் திரும்பவில்லை, கடிதமும் இல்லை. அலோர் ஸ்டாரில் கூடும் ஆலோசனை சபையில் நம் ஆட்களுக்காக உட்கார்ந்திருக்கும் மெம்பர் செலஸ்டின் ஐயாவிடம் எங்கள் பக்கத்துத் தோட்டத்தார் எல்லோரும் போய் முறையிட்டோம். அவர் யுத்தத்துக்கு முன் பள்ளிக்கூட வாத்தியார். அவர் மூன்று தடவை அலோர் ஸ்டாருக்குப் போய் வந்தார், ஒரு தடவை அதிகாரி முன்னால் இரண்டு மணி நேரம் நிற்க வைத்தார்கள் என்றும் கேள்விப்பட்டேன்.

அதன் பிறகு இம்மாதம் முதல் வாரம் அவர் சைக்கிளில் தோட்டத்துக்கு வந்து, பெரட்டுக்களத்தில் நின்று, ஒரே ஒரு ஆண்பிள்ளை உள்ள வீட்டிலிருந்து இனி ஆள் எடுக்க மாட்டார்கள், இரண்டு பேர் உள்ள வீட்டில்தான் ஒருவரை எடுப்பார்கள் என்று சபையில் பேசி வாங்கிவிட்டதாகச் சொன்னார். பெண்கள் அழுதார்கள். நான் அவர் காலில் விழுந்தேன். என் வீட்டில் ஆண் என்று இருப்பது என் மகன் அம்மாசி ஒருவன்தான், அவனுக்கு இருபது வயது. அன்றைக்கு நான் வாங்கி வந்த அரிசியில் என் கணவர் பங்கும் இருந்தது. அதை உலையில் போட்டுக்கொண்டே, நம் வீடு ஒற்றை ஆம்பிள்ளை வீடு, சாமி காப்பாற்றியது என்று மகளிடம் சொன்னேன். காகிதத்தில் என் வீட்டில் இரண்டு ஆம்பிள்ளை இருப்பது என் புத்தியில் ஏறவே இல்லை. நானே என் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு கடந்த திங்கட்கிழமை பட்டியல் ஒட்டினார்கள். மொத்தம் பன்னிரண்டு பேர். அரிசிப் பதிவைப் பார்த்து வீட்டு நம்பர் வரிசையில் எடுத்திருந்தார்கள். கடைசிப் பெயர் அம்மாசி. பெரட்டுக்களத்திலிருந்தே லாரியில் ஏற்றினார்கள். அவன் பால் வாளியைக் கையிலேயே வைத்திருந்தான். "அம்மா, இத ஸ்டோர்ல குடுத்துரு, இல்லாட்டி கிராணி ஏசுவாரு" என்று வாளியைக் கீழே நீட்டினான். இப்போது அவன் இந்த ஊர் ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கொட்டகையில் இருக்கிறான். ரயில் சனிக்கிழமை காலை.

அதன் பிறகு நேற்று நான் நடந்து இங்கு வந்து மெம்பர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் முழுதும் கேட்டார். பிறகு, "நீங்க வாயால சொன்னா யாரும் கேக்க மாட்டாங்கம்மா. போலீசுல எழுதிக் குடுங்க. அந்தக் காகிதம் கையில இருந்தா நான் நாளைக்கே அதிகாரியப் பாத்துப் பேசுறேன். ஆனா பொய் சொல்லி அரிசி வாங்குனதுக்கு உங்களுக்குத் தண்டனை உண்டு, அத என்னால தடுக்க முடியாது" என்றார். தண்டனைக்குப் பயந்து பிள்ளையைப் பறிகொடுப்பவள் நான் இல்லை என்றேன். அப்படியானால் பன்னிரண்டு பதினொன்றாகுமா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பன்னெண்ட எட்டாக்கச் சொல்லித்தான் முதல்ல கெஞ்சுனேன். ஆள் எண்ணிக்கையில கை வைக்காதன்னுட்டாங்க. யாரை விடணும்கிறது மட்டும்தான் எனக்குக் கெடச்சிது" என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அவர் நல்ல மனிதர். அவர் நல்லது செய்த கணக்கில்தான் என் பிள்ளை அகப்பட்டான் என்பதும் உண்மை. அவர் வீட்டில் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் வந்தேன்.

அதன் பிறகு இன்று காலை இந்த நிலையத்துக்கு வந்தேன். என் கணவர் இறந்ததற்குச் சாட்சி யார் என்று கேட்கப்பட்டது. மேளமில்லாத பிணத்தைத் தூக்க ஊரில் பலர் பயந்தார்கள். தூக்கிக் கொண்டுபோய்த் தோட்டத்து எல்லையில் குழி வெட்டிப் புதைத்தவர்கள் என் பக்கத்து வீட்டுக் காளியம்மா அக்காவின் பிள்ளைகள் முனியாண்டி, அழகேசன் ஆகிய இருவர். குழியைக் காட்டச் சொன்னால் அவர்கள் காட்டுவார்கள்.

இதைச் சொன்னதும் எழுத்தர் இந்த நிலையத்துக்கு வந்திருந்த பட்டியலை எடுத்துப் பார்த்தார். எட்டாம் வீட்டுப் பெயரை அடித்தால் அடுத்து ஒன்பதாம் வீட்டிலிருந்து ஒருவரை எடுப்பார்கள் என்றார். அது காளியம்மா அக்கா வீடு. அங்கே இரண்டு ஆண்பிள்ளைகளும் உயிரோடு இருக்கிறார்கள். "வேற சாட்சி இருந்தா சொல்லுமா" என்று எழுத்தர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். வேறு சாட்சி இல்லை. சாட்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அடுத்த வீடு அதுதான். நான் வாயை மூடிக்கொண்டு திரும்பிப் போனால் அந்த வீட்டில் இருவரும் இருப்பார்கள், என் வீட்டில் ஆண் என்று ஒருவரும் இருக்க மாட்டார். அவர்களையே சாட்சியாகப் போட்டு எழுதி முடியுங்கள் என்றேன்.

மேலே கண்டதெல்லாம் நான் சொன்னபடி எழுதி எனக்கு இருமுறை வாசித்துக் காட்டப்பட்டது. சொன்னதில் பொய் எதுவும் கலக்கவில்லை. ஒன்பதாம் வீட்டைப் பற்றிய வரிகளை எடுத்துவிடலாமா என்று எழுத்தர் கேட்டதற்கு, வேண்டாம், தெரிந்தேதான் ரேகை வைத்தாள் என்று இருக்கட்டும் என்றேன்.

மருதம்மாள், இடது பெருவிரல் ரேகை.